அடுத்தவன் அளவு

பேரம் பேசாமல் பொருளைத் தொட்டுப் பார்க்கிற ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒன்று, அவன் போலீஸாக இருக்க வேண்டும். இல்லை, அவன் வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டும். எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில், நான் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தின கையோடு வந்து நின்ற பேயாண்டி இரண்டாவது வகை.

என்னுடையது கப்பல் சாமான் கடை. வைகையில் முழங்கால் நனைய வேண்டுமென்றாலே அழகர் வந்தாக வேண்டிய ஊரில் நான் நங்கூரம் விற்றுப் பிழைத்தேன். தூத்துக்குடியில் உடைகிற கப்பலில் கழித்துப்போடுவதை மொத்தமாக ஏலத்தில் எடுப்பேன். நங்கூரத்தை வாங்கிப் போய் ஆட்டுக்கிடைக்கு முளையாக அடித்தவர்கள் உண்டு. கப்பல் மணியைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டவர்களும் உண்டு. எனக்கென்ன, எல்லாம் எடைக்கு எடை.

பேயாண்டி மேற்கே நாகமலைப் பக்கத்து ஆள். அங்கே கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் மாடு விழுந்தாலும் மனுஷன் விழுந்தாலும் முங்கி எடுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். கயிறும் பாதாளக்கரண்டியும் என்னிடம்தான் வாங்குவான். ஒரு கொக்கிக்கு ஒரு டீ ஆறுகிற மட்டும் பேசுவான். "இந்தத் துருவை நீ மதினிக்கு மருதாணியா வச்சு விடு பாய்" என்பான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு விலையே கேட்கவில்லை.

"பாய், தண்ணிக்குள்ள மூச்சு விடுற சாமான் ஒண்ணு வச்சிருந்தியே. இருக்கா?"

"இருக்கு. யாரு விழுந்தது?"

"என் தம்பி."

வீரணன் கல் லாரி ஓட்டுகிறவன். முந்தின நாள் சாயங்காலம், கீழக்குயில்குடிக்கு மேற்கே தண்ணீர் நிறைந்து கிடந்த பழைய கல்கிடங்கின் ஓரம் வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறான். கரை சரிந்துவிட்டது. பத்து ஆள் மட்டத்துக்குக் கீழே லாரி கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டுத் துழாவியதில் லாரியின் சங்கிலிதான் மாட்டியது. பேயாண்டி மூச்சடக்கி முங்கி, கண்ணாடியைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"ஸ்டீரிங்க புடிச்ச கை தெரிஞ்சுச்சு பாய். கதவத் தொறக்கறதுக்குள்ள நெஞ்சு முட்டிப்போச்சு."

"முத்துத்தாய்?"

அது வீரணன் பெண்டாட்டி.

"அவ நம்பல. லாரிய உள்ள விட்டதுக்குப் பயந்துக்கிட்டு ஆளு எங்கயோ கரையேறி ஓடிட்டாருங்கறா. ராத்திரி சோறு வடிச்சு மூடி வச்சிருக்கா. மொகத்தப் பாக்காம ஒருத்தரும் அழுகக் கூடாதுன்னுட்டா." குரல் இறங்கியது. "நாளைக்குன்னா மொகம் மொகமா இருக்காது பாய். எனக்குத் தெரியும். இன்னைக்கே எடுக்கணும்."

கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் போன் போட்டேன். என் தங்கை புருஷன் அப்துல் அலீம் அங்கே வெல்டர். அதற்கு முன்னால் துறைமுகத்தில் மூழ்கின படகுகளைத் தூக்குகிற கம்பெனியில் இருந்தவன். இந்தச் சாமானைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கியவன் மதுரைக்குள் அவன் ஒருத்தன்தான். லாம்பி ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தான்.

சாமானைக் கடை நடுவில் பரப்பினோம். முதுகில் மாட்டுகிற உலோகத் தகடு, சுளகு அகலம், நடுவில் மடிப்பு. தகட்டுக்கு முன்னால் ஆளின் முதுகு, பின்னால் காற்று அடைத்த சிலிண்டர், அதிலிருந்து வாயில் கவ்வுகிற குழாய். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் குதிரை லாட வடிவத்தில் ஒரு காற்றுப்பை. வெள்ளைக்காரன் அதை இறக்கை என்பானாம். பொத்தானை அமுக்கினால் சிலிண்டரின் காற்று பையில் ஏறி ஆளைத் தூக்கும், கயிற்றை இழுத்தால் காற்று இறங்கி ஆள் அமிழ்வான். தகட்டின் துவாரங்கள் வழியாக ஒரே நீள வார் ஓடித் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும். கால் கவட்டில் ஒன்று தனியாக வரும்.

"இது என்ன, கோவணமா?" என்றேன்.

"கோவணம்தான் மச்சான். இது இல்லன்னா பை மேல ஏறி ஆளோட கழுத்த நெரிச்சிரும்" என்றான் அலீம்.

பேயாண்டி சிரிக்கவில்லை. எப்போதும் முதல் ஆளாகச் சிரிக்கிறவன்.

தகடு இரண்டு இருந்தது, ஒன்று எஃகு, ஒன்று அலுமினியம். அலீம் அலுமினியத்தை எடுத்தான். "அண்ணே, ரப்பர் சட்டை போட்டவனுக்குத்தான் எஃகு. சட்டை ஆள மெதக்க வைக்கும், தகடு அமுக்கும். உங்க கிட்ட சட்டையும் இல்ல, ஒடம்புல சதையும் இல்ல. இதுவே போதும்."

"எஃகு குடு" என்றான் பேயாண்டி.

"கனம்ணே."

"கனமாவே இருக்கட்டும்."

எங்கள் தெருவில் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. கனமாக இருந்தால் உசத்தி. நானே அப்படி விற்றவன்தான். அதனால் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பையும் இரண்டு இருந்தது. அலீம் சின்னதை எடுத்தான், பேயாண்டி பெரியதை. "பெருசுல காத்து அலையும்ணே, ஆள அங்கிட்டும் இங்கிட்டும் சாய்க்கும்" என்றான் அலீம். பேயாண்டி கேட்டது வேறு.

"மாப்ள, இதப் போட்டு மெதந்தா மொகம் மேல பாக்குமா, கீழ பாக்குமா?"

"மல்லாக்கப் படுத்தா மேல பாக்கும். இரும்பு முதுகுல இருக்கறதால அது பாட்டுக்கு மல்லாத்தி வச்சிரும். கவுந்தாலும் மனுஷன் திரும்பிக்கிருவான்ல?"

"திரும்ப முடியாதவன்னா?"

அலீம் வார் கோத்துக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. "அளவச் சொல்லுங்கண்ணே. தோள் வாருக்குள்ள ஒரு கை நுழையணும், இறுக்கக் கூடாது. மாரு எம்புட்டு?"

பேயாண்டி இரண்டு கையையும் முன்னால் நீட்டி வளைத்துக் காட்டினான். "இம்புட்டு."

எங்க வாப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றது ஒன்றுதான். தனக்கு வாங்குகிறவன் தன் மாரைத் தொட்டுக் காட்டுவான். அடுத்தவனுக்கு வாங்குகிறவன் காற்றைக் கட்டிப்பிடிப்பான். பேயாண்டி கைக்குள் இருந்த காற்று அவனைவிட ஒரு சுற்றுப் பெரியது. வீரணனை நான் பார்த்திருக்கிறேன். லாரிக் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்கிற உடம்பு.

"பேயாண்டி," என்றேன், "இது யாரு அளவு?"

கையை இறக்கிக்கொண்டான்.

"கயித்துல கட்டிக் குடு, மேல இருந்து தூக்கிக்கிருவோம். எத்தன பேர நீ அப்படி எடுத்திருக்க!" என்றேன்.

"எடுத்திருக்கேன். அதான் வேணாங்கறேன். கிடங்குச் சுவரு பூரா கல்லு. இழுக்க இழுக்க மண்டை முட்டி முட்டி வரும். மேல வந்து சேர்றப்ப ஆளு யாருன்னே தெரியாது. மத்தவுகளுக்கு அது பொணம் பாய். இது நான் தூக்கி வளத்த புள்ள. அவ முன்னால மல்லாக்க, தூங்கற மாதிரி வரணும்."

அலீம் கையிலிருந்த வாரைக் கீழே வைத்தான். "நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேருமா வாங்கண்ணே. பெரிய பை தூக்கும்."

"வெறச்ச ஒடம்பு மாப்ள. நழுவிருச்சுன்னா?"

"சரி, அவருக்கு மாட்டிட்டு, நீங்க எதுல வருவீங்க?"

"எதுலயா? பொறந்ததுல இருந்து எதுல வாரேன்? என் மூச்சுலதான்."

அலீம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, இதக் கேளுங்க. கீழ இந்தக் குழாயில இழுக்குற காத்து அமுங்கின காத்து. மேல வர வர அது நெஞ்சுக்குள்ள ஊதும். மூச்ச அடக்கிக்கிட்டு வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும். வெளிய விட்டுக்கிட்டே வரணும், கடைசி வரைக்கும். அடக்கக் கூடாது. வெளங்குதா?"

"அடக்குறதுதான மாப்ள என் பொழப்பு."

"இன்னைக்கு வேணாம்ணே. அல்லா மேல ஆணையா வேணாம்."

"சரி, விட்டுக்கிட்டே வாரேன்."

அலீம் வாரை முழுக்க உருவி வீரணன் அளவுக்கு மறுபடி கோத்தான். பேயாண்டிக்குத் தொளதொளவென்று தொங்கியது. மிச்சத்தை மடித்துச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டினோம். அவிழ்த்தால் தம்பி அளவு.

மத்தியானம் கிடங்கில் ஊரே நின்றது. முத்துத்தாய் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நெற்றியில் காலையில் வைத்த குங்குமம். முழங்கால் தண்ணீரில் அலீம் பொத்தானையும் கயிற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். பேயாண்டி தலையை ஆட்டிவிட்டு இறங்கினான்.

குமிழி ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தது. பிறகு நகர்ந்தது. பிறகு நின்றது. அலீம் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது.

பச்சைத் தண்ணீருக்குள் ஒரு வெளுப்புத் தெரிந்தது. வீரணன் வந்தான். மார்பு வரை பொங்கி எழும்பி, அடங்கி, மெல்லச் சாய்ந்து மல்லாந்தான். தோள் வார் இரண்டும் சட்டை தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. இடுப்பில் கொக்கி, கவட்டில் கோவணம், எல்லாம் சரியாக. முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஸ்டீரிங்கைப் பிடித்த கைகள் மட்டும் எதையோ வாங்கிக்கொள்ள நீட்டின மாதிரி இருந்தன.

முத்துத்தாய் திரும்பிப் பார்த்தாள். எழுந்து தண்ணீர் ஓரம் வரை போனாள். "சோத்த மூடி வச்சிட்டு வந்தேன்யா" என்றாள். அதற்கப்புறம்தான் ஊர் அழுதது.

அந்த அழுகைக்குள் பேயாண்டி தலை வெளியே வந்ததை அலீமும் நானும்தான் பார்த்தோம். நீந்தி வந்து பாறையைப் பிடித்தான். வாய் ஓரத்தில் நுரை, இளஞ்சிவப்பாக.

"விட்டுக்கிட்டே வந்தேன் மாப்ள," என்று அலீமிடம் சொன்னான், குற்றம் செய்த பிள்ளை மாதிரி. "பை நெறஞ்சதும் கைய விட்டுப் பறிச்சுக்கிட்டுப் போயிட்டான். குழாயும் போச்சு. ஊதிக்கிட்டேதான் வந்தேன். கடைசி ரெண்டு ஆள் மட்டத்துல அண்ணாந்து பாத்தேன். அவன் மல்லாந்துட்டானான்னு... பாத்தப்ப... அடக்கிட்டேன் போல."

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் சொருகினார்கள். பிழைத்துக்கொண்டான். நுரையீரல் ஒரு பக்கம் சுருங்கிப்போனது, மாடிப்படி ஏறினாலே நின்று வாங்குகிற மூச்சு.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நானும் அலீமும் போனோம். கண்மாய்க் கரையில் பங்காளிகள் வரிசையாக இறங்கித் தலை முங்கினார்கள். மூத்தவன் முறைக்குப் பேயாண்டிதான் முதலில் முங்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்றான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தண்ணீர் காதைத் தொட்டதும் துடித்து நிமிர்ந்து இருமினான். மறுபடி குனிந்தான். முடியவில்லை. யாராவது கேலி பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கரையில் வெறும் கழுத்தோடு உட்கார்ந்திருந்த முத்துத்தாய் எழுந்து வந்தாள். பித்தளைச் செம்பில் கண்மாய்த் தண்ணீரை மோந்தாள்.

"குனிங்க மாமா" என்றாள்.

அவன் குனிந்தான். மூச்சு முட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக, அவள் ஊற்றினாள்.