கண்ணை மூடிச் சொன்ன செய்தி

என் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்பது எனக்குக் குடும்ப ஜெபத்தில்தான் தெரியவந்தது. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அவரும் நானும் மகளும் வழக்கம்போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். அவர் சபையில் சுகமில்லாதவர்களுக்காக ஜெபித்தார். மகளின் பரீட்சைக்காக ஜெபித்தார். அதே மூச்சில், "புது ஊர்ல நீர் திறந்துவிட்ட வேலைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, அடுத்த மாசம் நாங்க குடிபோற வீட்டையும் ஆசீர்வதியும்" என்றார்.

ஜெபத்துக்கு நடுவே யாரும் குறுக்கே பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் நான்தான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் ஆமென் என்றார். மகளும் ஆமென் என்றாள். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜெபத்தில் குத்திக்காட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிறவர்களுக்கு நல்ல புத்தி கொடும் என்று நானே எத்தனையோ முறை வேண்டியிருக்கிறேன். ஆனால் ஒரு குடும்பத்தையே மூட்டை கட்டவைக்கிற விஷயத்தை யாராவது இப்படிச் சொல்வார்களா?

மகள் அறைக்குள் போனதும் கேட்டேன். "எப்பக் கெடச்சுது?"

"போன வாரம். சரின்னு சொல்லிட்டேன். ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"அவருக்குத் தெரியாதா? எனக்குத்தானே தெரியாது."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவர் அடுக்களைக்குள் நழுவினார்.

நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அங்கே வருகிறவர்கள் வருஷக்கணக்காக வருகிறவர்கள். பாதிப் பேருக்கு என் மகளின் மார்க் முதற்கொண்டு தெரியும். அந்தப் பிரிவின் பொறுப்பு அடுத்த மாதம் என் கைக்கு வருவதாக இருந்தது. எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று என் கணவருக்கு நன்றாகவே தெரியும். மறுநாள் காலை ஒரு பெரியவரின் கையில் கட்டுப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டேனா என்று நானே பிரித்துப் பார்த்தேன்.

"என்னம்மா, இன்னிக்கு ஆள் மட்டும்தான் வந்திருக்கீங்க போல" என்றார் அவர்.

போதாக்குறைக்கு அன்று சனிக்கிழமை. கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்கு எங்கள் சபையில் சனிக்கிழமை மாலை வகுப்பு உண்டு. கிறிஸ்தவ இல்லறம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, முன்மாதிரிக் குடும்பம் என்று பாஸ்டர் எங்களைத்தான் மாட்டிவிட்டிருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணப்பெண் கையைத் தூக்கினாள்.

"ரெண்டு பேருக்கும் ஒத்துவரலைன்னா, உங்க வீட்ல யார் முடிவு பண்ணுவீங்க?"

"சேர்ந்து ஜெபிப்போம். முடிவு தானா வரும்" என்றார் என் கணவர், கூசாமல்.

"ஆமா, ஜெபத்துலயே வந்துடும். நமக்கு வேலையே இல்ல" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அதை அக்கறையாக எழுதிக்கொண்டாள். என் கணவரின் காது மடல் சிவந்துபோயிற்று.

அன்று இரவும் வீட்டில் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அவர் சுருக்கமாக முடித்துக்கொண்டார். நிலவரம் தெரிந்த மகள் அதைவிடச் சுருக்கமாக முடித்தாள். அடுத்து என் முறை. என்ன சொல்லவேண்டும் என்று நாள் முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன்.

"ஆண்டவரே, இந்த வீட்ல ஒருத்தர்..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் ஓடவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குச் சொல்லவேண்டியதை ஆண்டவரிடம் கொடுத்து அனுப்ப எனக்கே வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறந்தேன். ஊசிக்குப் பயந்தவர்களைப்போல அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"என்னங்க, கண்ணத் தொறங்க. உங்ககிட்டதான் பேசறேன்."

மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். எழுந்து போவதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை. "நீயும் இரு" என்றேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையைப் பற்றி வீட்டில் அதிகம் பேசமாட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லிஃப்ட் குழிக்குள்ள எறங்க முடியலம்மா. கை நடுங்குது. கூட வேலை பாக்கறவன் உள்ள வழுக்கி விழுந்தான்ல, அன்னிலேருந்து. அங்கன்னா ஆபீஸ்ல உக்காந்து பாக்கற வேலை."

"அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகல."

"இதையெல்லாம் யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் விரலை மேலே காட்டினார். "தெனமும்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊரில் உள்ளவர்களின் பயத்தையெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் நான். என் வீட்டு மேசையில் நடுங்கிய கையைப் பார்க்கவில்லை. ஆண்டவர்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"உன் முகத்தப் பாத்தா வார்த்தை வரல. கண்ண மூடினா வந்துடுது" என்றார்.

"எனக்கு ஆஸ்பத்திரில பொறுப்பு வருதுன்னு தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட சொல்ல பயந்தேன்" என்றார். பிறகு சட்டென்று போனை எடுத்தார். "விடு, வேண்டாம்னு இப்பவே எழுதிடறேன். எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

பாதி எழுதியும்விட்டார். நான் அவர் கையிலிருந்து போனை வாங்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"போறதா, இருக்கறதா, எனக்கு இன்னும் தெரியல" என்றேன். "ஆனா இதையும் நீங்களே தனியா முடிவு பண்ணாதீங்க."