பார்வைக்குக் காத்திருக்கிறது

1.

ஆறரைக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். அடுப்பில் பால் வைத்து, பொங்கும் வரை அதன் முன்னாலேயே நிற்கிறேன். ஒரு டம்ளர் காபி. குளியல். ஏழு ஐம்பதுக்கு வாசல் கதவைப் பூட்டுகிறேன். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் அலுவலகம் பத்து நிமிடம். நான் வலப்பக்கம் திரும்பிச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

இது கதையாகத் தொடங்கவில்லை. அலுவலகத்தின் உள்சுற்று இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "பதினாலு வருஷமா சாஃப்ட்வேர் எழுதுறீங்க. பழைய கை. ஜாலியா நாலு அனுபவம் எழுதிக் குடுங்க சார்." எனக்கு முப்பத்தைந்து வயது. இந்தத் தொழிலில் அது கிழம்.

கேட்ட பெண் புதிதாகச் சேர்ந்தவள். அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கணினி பொய் சொல்லாது, அதற்கு எழுதுகிற நாம்தான்—" (எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.)

"பதினான்கு வருடத்தில் நான் எழுதியதைவிட அழித்தது அதிகம். நல்ல நிரலாளன் என்பவன்—" (யார் கேட்டார்கள்?)

"நானும் என் மனைவியும் ஒரே குழுவில் வேலை செய்தோம்."

மூன்றாவதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது அது கட்டுரையாக இல்லை.

3.

எங்கள் குழுவில் ஒரு விதி. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து, சரி என்று ஒப்புதல் தரவேண்டும். அதன் பிறகுதான் அது இயங்கப் போகும். நிரலாளர் நாள் முழுக்க எழுதுகிறார் என்று வெளியே நினைக்கிறார்கள். பெரும்பாலும் படிக்கிறார். அதுவும் எப்போதோ எவரோ எழுதியதை, திட்டிக்கொண்டே. எவர் என்று தேடிப் பார்த்தால் பாதி நேரம் நாமே.

நான் எழுதுவதைப் படிப்பவள் என் மனைவி. வேலையில் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவள். கல்யாணத்துக்கு முன் 'மேடம்' என்று கூப்பிடுவேன். பின்பு, சண்டை வரும்போது மட்டும்.

"என்ன இது, கோட்ல 'தற்காலிகம்2'ன்னு பேரு வச்சிருக்க? புள்ளைக்கும் இப்படித்தான் வைப்பியா?"

"மொதல்ல 'தற்காலிகம்1' பொறக்கட்டும் மேடம்."

* இப்படி ஒரு பேச்சு நடக்கவில்லை. அவள் சொன்னது "பேரு மாத்து" மட்டும். கதைக்காக அவளைக் கொஞ்சம் வாயாடி ஆக்கிப் பார்த்தேன். அது அவள் இல்லை. அடித்துவிடலாம். விட்டுவைக்கிறேன், இரண்டு பேரும் பேசுகிற இடம் வேறு இல்லை.

4.

பேருந்து நிறுத்தங்களில் 'அடுத்த வண்டி இத்தனை நிமிடத்தில்' என்று காட்டும் பலகைகளுக்கு நாங்கள்தான் நிரல் எழுதுகிறோம். வண்டி தாமதமானால் பலகை தப்பாகக் காட்டியது. ஒரு திங்கட்கிழமை மாலை அதைத் திருத்தி, பதினோரு வரி, அவள் பார்வைக்கு அனுப்பினேன்.

செவ்வாய் காலை ஏழு ஐம்பதுக்கு அவள் கிளம்பினாள். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினாள். லாரி.

(இங்கே இரண்டு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

ஏழு வாரம் ஆகிறது. அந்தப் பதினோரு வரி அப்படியே நிற்கிறது. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் அவள் பெயர், பக்கத்தில் 'பார்வைக்குக் காத்திருக்கிறது'. வேறொருவரைப் படிக்கச் சொன்னால் அந்த இடத்திலிருந்து அவள் பெயர் போய்விடும். குழுத் தலைவர் இரண்டு முறை மெதுவாகக் கேட்டார். "அவசரமில்ல சார்" என்றேன்.

அவசரம்தான். வராத வண்டிக்கு இரண்டு நிமிடம் என்று காட்டிக்கொண்டிருக்கிறது பலகை. நிறுத்தங்களில் ஜனங்கள் நிற்கிறார்கள்.

5.

இன்று வியாழன். அலுவலகக் கணினிகளின் கடவுச்சொற்களையெல்லாம் வைத்திருப்பவனைச் சாவிக்கொத்து என்போம். முதல் பிரதியில் அவனை ஈவிரக்கமில்லாதவனாக எழுதினேன். கதைக்கு ஒரு எதிரி தேவைப்பட்டான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தரையைப் பார்த்துப் பேசினான்.

"டேய், அவங்க லாகின் கணக்க நாளைக்கு அஞ்சு மணிக்கு மூடணும். மேலேர்ந்து நாலு தடவ கேட்டாச்சு. சர்வர்ல வேல நடக்குதுன்னு இதுவரைக்கும் கத விட்டுட்டேன். இனிமே நம்ப மாட்டாங்க."

"மூடிடு."

"மூடுறேன். ஆனா உன் பதினோரு வரிக்கு அவங்க ஒரு கமெண்ட் எழுதி, அனுப்பாம வச்சிருக்காங்க. டிராஃப்ட். அந்தச் செவ்வாக்கிழம, காலைல ஏழு நாப்பத்திரண்டு."

விசைப்பலகையில் ஏதோ தூசி இருந்தது. துடைத்தேன்.

"என்னன்னு?"

"படிக்கலடா. சத்தியமா. ஒரே ஒரு வரி, அவ்ளோதான் தெரியும். நீ சொன்னா அனுப்பறேன். அவங்க பேர்ல உனக்கு மெயில் வரும். இல்லன்னா கணக்கோட சேந்து போயிடும்."

"அப்புறம் திரும்ப எடுக்க முடியாதா?"

"மத்ததெல்லாம் எடுக்கலாம். அனுப்பாதத மட்டும் எடுக்க முடியாது."

* இந்தத் தொழிலில் 'அழி' என்றால் பெரும்பாலும் 'காட்டாதே' என்றுதான் அர்த்தம். எங்காவது ஒரு நகல் இருக்கும். பதினான்கு வருடமாக அந்தத் தைரியத்தில்தான் அழித்துக்கொண்டிருந்தேன். கட்டுரையில் இதைத்தான் ஜாலியாகச் சொல்லியிருப்பேன்.

6.

முடிவு ஒன்று. அனுப்பச் சொல்கிறேன். "பேரு மாத்து" என்று இருக்கிறது. மாற்றுகிறேன்.

முடிவு இரண்டு. அனுப்பச் சொல்கிறேன். எட்டாவது வரியில் என் தவறு ஒன்றைப் பிடித்திருக்கிறாள். திருத்துகிறேன், பலகைகள் சரியாகின்றன, ஜனங்கள் வீடு போய்ச் சேருகிறார்கள். இதழுக்குப் பொருத்தமான முடிவு. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு மூன்று. மூடச் சொல்கிறேன். வேறு யாரோ அந்தப் பதினோரு வரியைப் படித்துச் சரி என்கிறார்கள். மஞ்சள் பச்சையாகிறது.

இன்னொன்று. அந்த வரி நிரலைப் பற்றியதே இல்லை, அவள்— (இல்லை. வேலையில் அவள் வேலையைத்தான் எழுதுவாள். இதை யோசித்ததற்கே திட்டுவாள்.)

7.

நாளை ஐந்து மணி வரை இருக்கிறது. அனுப்பச் சொல்வதா, மூடச் சொல்வதா என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள். விதிப்படி இனி ஒப்புதல் தரவேண்டியவர் நீங்கள்.

ஆனால் ஒன்றை உங்களிடமிருந்து மறைத்திருக்கிறேன். அது தெரியாமல் முடிவெடுக்கச் சொல்வது நியாயம் இல்லை. 'தற்காலிகம்2' பேச்சு போல நான் இட்டுக்கட்டியது அல்ல இது. ஒரு சொல்லும் மாற்றவில்லை.

செவ்வாய், ஏழு ஐம்பது. நான் கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "என்னோடத பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். ஒண்ணு கேக்கணும். எழுதி அனுப்பினா சண்டைக்கு வருவ, சாயங்காலம் நேர்ல சொல்றேன். அடுப்புல பால் இருக்கு, பக்கத்துலயே நில்லு."