நாலாவது ஆளாகப் போன கல்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் அனைவரும் சுகந்தானே? பங்குனி பிறந்ததும் பிறக்காததுமாக அரியலூர்ப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் ஊரில் எப்படி? மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள், கால் வீக்கம் இருப்பவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சரி, உட்காருங்கள். கடல் பார்க்கப் போன மூன்று பெண்களின் கதை இது.

தென்றல், பரிமளா, கொளஞ்சி. மூவரும் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகிறவர்கள், ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. மூவர் என்று இப்போதுதான் சொல்கிறோம். போன ஆடி வரைக்கும் அவர்கள் நான்கு பேர். ஜெயசுதா என்று ஒருத்தி இருந்தாள். புதுச்சேரிக்குப் போக வேண்டும் என்ற பேச்சை ஆரம்பித்ததே அவள்தான். கடலை நேரில் பார்த்தே இராதவள். போனில் அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பாள். எங்கே கூட்டிப்போனாலும் அவளைக் கிளப்ப முடியாது. திருமானூர்ப் பாலத்தில் நின்று கொள்ளிடத்தைப் பார்த்தாலும் சரி, டவுனில் வளையல் கடையில் நின்றாலும் சரி, "இன்னும் கொஞ்ச நேரம்டி" என்று கையைப் பிடித்து இழுப்பாள்.

ஆடியில் ஒரு நாள் ஸ்கூட்டியில் வந்தவளை, சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டது. அன்றைக்குப் பார்த்துத் தென்றல் திருச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையில் முள் மாதிரி நின்றுபோனது. ஒரே ஒரு தடவை அவள் எதிரில் நின்று, போயிட்டு வாடி என்று சொல்ல முடிந்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் கல்லூரிக்கு நாலைந்து நாள் லீவு விட்டார்கள். "அவ ஆசைப்பட்ட ஊர நாமளாச்சும் பாத்துட்டு வருவோம்டி" என்று கொளஞ்சி கிளப்பிவிட்டாள். தென்றலின் அம்மா பாக்யலட்சுமி தடுக்கவில்லை. ஆனால் பையை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வாசலில் இறங்கியபோது கத்தினாள்.

"ஏய், நில்லுங்கடி! மூணு பேரா எங்க கிளம்பிட்டீங்க?"

"அப்ப நீங்களும் வாங்கத்தை. கடல்ல குளிக்கலாம்" என்றாள் கொளஞ்சி.

"வாயப் பாரு! ஒரு கல்ல எடுத்துப் பையில போட்டுக்கங்கடி. மூணு நாலாயிடும்."

நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போனால் விளங்காது. அதனால் ஒரு கல்லை ஆளாகக் கூட வைத்துக்கொள்வது; போன காரியம் முடிந்ததும் அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுவது. கொளஞ்சி வேலியோரத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினாள். சிப்பி ஒன்று அப்படியே இறுகிக் கல்லானது. அரியலூர் மண்ணில் அது அதிசயம் இல்லை. ஒரு காலத்தில் கடல் இதுவரைக்கும் இருந்ததாமே.

ரயிலில் கொளஞ்சிக்கு விளையாட்டு முற்றியது. கல்லை ஜன்னலோரம் வைத்து, துப்பட்டா நுனியால் அதற்கு முக்காடு போட்டாள்.

"டிடிஆர் வந்து இவங்க யாருன்னு கேட்டா என்னாடி சொல்றது?"

"ஓன் மாமியார்னு சொல்லு" என்றாள் பரிமளா.

தென்றல் யோசிக்காமல் சொன்னாள். "ஜெயசுதான்னு சொல்லு."

மூவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. காலங்காலமாக எத்தனையோ பேர் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. பெயர் இல்லாத வரைக்கும்தான் அது கல்.

புதுச்சேரியில் முத்தியால்பேட்டையில் வைரக்கண்ணு என்பவள் வீட்டில் மாடி அறை பேசியிருந்தார்கள். வைரக்கண்ணுவுக்குப் பிறந்த ஊர் நம் அரியலூர்ப் பக்கத்து வரதராஜன்பேட்டை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்று வாய் நிறையப் பேசினாள். நான்கு பாயும் நான்கு தலையணையும் கொண்டுவந்து போட்டாள்.

"மூணு பேர்தாங்கக்கா" என்றாள் தென்றல்.

"என்னா வெளாட்டு? நாலு புள்ளைங்கதான படியேறுனீங்க? கடைசியா வந்த புள்ளதான் கைப்புடியப் புடிச்சிக்கிட்டு நின்னு நின்னு ஏறுச்சு. காலு கீலு நோவா?"

பரிமளா கொளஞ்சியைப் பார்த்தாள். கொளஞ்சி தென்றலைப் பார்த்தாள். தென்றலுக்கு மட்டும் பயம் வரவில்லை. வந்துவிட்டாளா?

மறுநாள் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். டீக்கடைக்காரர் கேட்காமலே நான்கு டம்ளர் வைத்தார். பாறைகள் பக்கத்தில் நின்று, போகிற ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள்.

"அந்த ஓரத்துப் பொண்ணு கொஞ்சம் உள்ள வாம்மா. ம், இப்ப சரி" என்றார் அவர்.

படத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆனால் ஓரத்தில் நின்ற தென்றலின் இடது கை, யாரோ ஒருத்தியின் தோளில் போட்டதுபோல அந்தரத்தில் வளைந்து நின்றது. அவள் அப்படிக் கையை வைக்கவே இல்லை.

"எனக்கு வேணாம்டி இந்த வெளாட்டு. நாளைக்கே ஊருக்குப் போயிடுவோம்" என்றாள் பரிமளா. வாய்தான் சொன்னது. போக முடியவில்லை.

மறுநாள் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. மூவரும் ஏறிவிட்டார்கள், டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. "மாடியில இன்னொரு பொண்ணு நின்னு கைய ஆட்டுதேம்மா. இருக்கச் சொல்லுது" என்றார். அவரிடம் பேசி, விவாதித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் விழுப்புரத்தில் ரயிலைப் பிடிக்கிற பஸ் போய்விட்டது. அடுத்த நாள் கொளஞ்சியின் பையைக் காணவில்லை. தேடித் தேடிக் கடைசியில் கடற்கரை மணலில் கிடந்தது. ஊரில் இருந்து அம்மாக்கள் போனில் திட்டினார்கள். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஏதாவது ஒன்று காலைக் கட்டியது. அவள் பழக்கம்தான் அது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்.

தென்றல் அதையும் ரசித்தாள் என்றால் நம்புவீர்களா? கல்லைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள். சீக்கிரம் ஒரு நாள் முகத்தைக் காட்டுவாள், அப்போது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

பை கிடைத்த மறுநாள் உச்சி வெயில். மணல் கால் வைக்க முடியாமல் கொதித்தது. கரையில் ஈ காக்காய் இல்லை. மற்ற இருவரும் ஒரு படகு நிழலில் உட்கார்ந்திருக்க, பரிமளா கால் நனைக்கப் போனாள். முழங்கால் வரை போனாள். இடுப்பு வரை போனாள்.

"போதும், வாடி பரிமளா!" என்று கொளஞ்சி கூப்பிட்டாள்.

பரிமளா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னும் கொஞ்ச நேரம்டி."

குரல் பரிமளாவுடையது இல்லை. கடைசி எழுத்தை இழுத்து, கொஞ்சிக் கெஞ்சுகிற அந்தக் குரலைத் தென்றல் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பாள். அலை பரிமளாவின் நெஞ்சைத் தாண்டியது. தென்றல் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டாள். பரிமளா தண்ணீரைக் கக்கிவிட்டு, "நான் எப்படி இங்க வந்தேன்?" என்று கேட்டாள். அவள் வலது கைக்குள் அந்தக் கல் இருந்தது. அறையில் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்த கல்.

"அத வுட்டெறிடி தென்றலு! அவ நம்ம பழைய ஜெயா இல்லடி" என்று கொளஞ்சி அழுதாள்.

"ஜெயாதான்டி. தனியா இருக்க முடியல அவளுக்கு. அதான்" என்றாள் தென்றல்.

இருந்தாலும் பரிமளாவின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கல்லை வாங்கி, பலம் கொண்ட மட்டும் கடலுக்குள் வீசினாள். வீசிய கையோடு, இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"போயிட்டு வாடி ஜெயா. நாங்க போயிட்டு வரோம்."

மனசு லேசாகிவிட்டது. மூவரும் அறைக்கு வந்தார்கள். வைரக்கண்ணு கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தப் புள்ள சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து பாயில ஒக்காந்திருக்கே, தல தொவட்டச் சொல்லக் கூடாது? கூப்புட்டா பேசவும் மாட்டேங்குது."

மாடிக்குப் போனார்கள். யாரும் இல்லை. நாலாவது பாய் நனைந்திருந்தது. அதன் நடுவில் கல் இருந்தது.

தென்றல் அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்ன தப்புச் செய்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. சாவு வீட்டில் யாராவது போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? சொல்லக் கூடாது. எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வந்த வழியே போய்விட வேண்டும். வா என்று சொன்னால் வருவாள். வருகிறோம் என்று சொன்னால் காத்திருப்பாள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தென்றலுக்கு ஜெயசுதா செத்ததாகவே இதுவரை மனசு ஒப்பவில்லை, அதனால்தான் மறந்துபோனாள்.

ஆக, எந்த வார்த்தைக்காக இத்தனை நாள் ஏங்கினாளோ, அதைச் சொல்லாமலே போக வேண்டும்.

"நான் போறேன். நீங்க பையோட பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுங்க" என்றாள்.

"தனியாவா?" என்றாள் பரிமளா.

"தனியா எங்கடி போறேன்? அவ இருக்கால்ல."

சாயங்கால வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடற்கரையில் குழந்தைகள் பட்டம் விட்டார்கள், சுண்டல்காரர் கூவிக்கொண்டு போனார். தென்றல் தண்ணீர் ஓரம் குனிந்து, தூங்குகிற பிள்ளையைக் கீழே விடுவதுபோலக் கல்லை ஈர மணலில் வைத்தாள். அலை வந்து தொட்டுவிட்டுப் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். எழுந்தாள். திரும்பி நடந்தாள்.

பின்னால் ஈரக்கால் சத்தம் கேட்டது.

"தென்றலு."

அவள் நடந்தாள்.

"சொல்லிக்காமப் போறியேடி. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடி."

கண்ணீரில் தென்றலுக்கு எதிரே இருந்த சாலையே தெரியவில்லை. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். குரல் கெஞ்சியது, திட்டியது, பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதது. ஆட்டோ நிறுத்தம் வரைக்கும் அந்த அழுகை கூடவே வந்தது. அதற்குப் பிறகு அலைச் சத்தம்தான் கேட்டது.

விழுப்புரம் பஸ்ஸில் கொளஞ்சியும் பரிமளாவும் இடம் போட்டு வைத்திருந்தார்கள். கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். படியில் எட்டி வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. யாருக்காகவும் நிற்கவில்லை.

தென்றல் அப்போதுதான் துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். அதில் கடல் உப்புக் கரித்தது. ஜெயசுதாவின் குரலை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். வரவில்லை. சற்றுமுன் காது நிறையக் கேட்ட குரல். மறுபடியும் முயன்றாள். குரல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

இவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் மூன்று பேராகக் கிளம்பியபோது கல் எடுத்துப் போனது உண்டா? திரும்பும்போது அதை எங்கே விட்டீர்கள்? சொல்லிக்கொள்ளாமல் நீங்கள் விட்டுவந்த ஒருவர் உங்களுக்கும் இருந்தால், கீழே நாலு வரி எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறோம்.