சுவரோரக் கட்டில்

மந்தாரக்குப்பத்தில் அந்தப் பெரிய வீட்டைப் புதுப்பித்தார்கள் என்று பேர்தான். கூடத்தைப் பிளைவுட் வைத்து நான்காகத் தடுத்து, பூஜையறையில்கூட மூன்று கட்டில் போட்டு, ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார் வீட்டுக்காரர் தேவநாதன். சுரங்கத்தில் மூன்று ஷிஃப்ட். எந்நேரமும் யாராவது தூங்கியாக வேண்டுமே! முப்பத்திரண்டு ஆண்களுக்கு ஒரே ஒரு சௌந்தரம். சோறாக்குவதும் அவள்தான், எழுப்புவதும் அவள்தான்.

எழுப்புவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, விளக்கும் போடக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரன் விழித்துவிடுவான். இருட்டில் கட்டிலை எண்ணிக்கொண்டே போய்க் கால் பெருவிரலை இரண்டு தரம் அழுத்த வேண்டும். ஆறு வருஷத்தில் ஒருவனைக்கூட மாற்றி எழுப்பியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அன்று காலை நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அருண்பாண்டியன் நேரே அடுப்படிக்கு வந்தான்.

“அக்கா, பத்து மணிக்கு எழுப்பிடுங்க. பன்னெண்டுக்கு செதம்பரத்துல இன்டர்வியூ. டிராக்டர் கம்பெனில ஸ்டோர் கீப்பர் வேல. பகல்ல மட்டுந்தான். கெடச்சா குமராட்சில வீட்லேருந்தே போய்ட்டு வந்துடுவேன்.”

“நீ போய்ப் படு. நான் இருக்கேன்ல.”

ஒன்பது வருஷமாக ஷிஃப்ட் பார்க்கிறவன். பெற்ற மகளே அவனை விருந்தாளியைப் போலப் பார்க்கிறாளாம். இந்த வேலை அவனுக்குக் கிடைக்கட்டும் என்று ஸ்ரீமுஷ்ணம் பெருமாளை வேண்டிக்கொண்டுதான் அவள் அரிசி களைந்தாள்.

சரியாகப் பத்துக்குப் போனாள். கதவோரக் கட்டில் அவனுடையது. விரலை அழுத்தினாள். போர்வைக்குள்ளிருந்து “ம்” என்று குரல் வந்தது. சற்று நேரத்தில் பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது. எட்டுப் படி அரிசி கொதிக்கும்போது யார் போய் எட்டிப் பார்ப்பார்கள்?

பன்னிரண்டே காலுக்கு, அதே அறையில் சுவரோரக் கட்டில்காரரான காத்தவராயனைச் சர்க்கரை மாத்திரை போட எழுப்பப் போனாள். அங்கே போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தது அருண்பாண்டியன்.

அவன் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தான். “வர வேணாம்னுட்டாங்க. நேரத்துக்கு வராதவன் ஸ்டோர எப்படிப் பாப்பான்னு கேக்கறாங்க.”

அதற்குள் காத்தவராயனும் எழுந்து வந்துவிட்டார். “எல்லாம் என்னாலதான் மச்சான். சுகர் ஜாஸ்தியாயிடுச்சு, அடிக்கடி எழுந்து போவணும், கதவோரம் குடுன்னு நான்தான காலைல கேட்டேன். அக்கா அழுத்துனதும் முழிப்பு வந்துச்சு. இன்னொருக்கா ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து படுத்துட்டேன். ஒனக்குன்னு தெரியலியே.”

கேட்டவனுக்கு இடம் கொடுத்தவன் தலையில் விடிந்தது.

“என்னத் திட்டுப்பா,” என்றாள் சௌந்தரம். “நாலு வார்த்த நல்லாத் திட்டிடு.”

“எதுக்குக்கா?” அருண்பாண்டியன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தான். “கதவோரத்துல வர்றவன் போறவன் எல்லாம் இடிச்சுக்கிட்டே இருப்பான். ஒம்பது வருசத்துல இன்னைக்குத்தான்க்கா நல்லாத் தூங்குனேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.