நிரப்பிட்டு உள்ள வா

செத்துப்போன மாமனாருடைய கோட்டுக்குள் ஷுவாய் கையை நுழைத்தபோது பையில் ஒரு சாக்பீஸ் துண்டு தட்டுப்பட்டது. ஓய்வுபெற்றுப் பதினாறு வருஷம் ஆகியும் மனுஷன் சாக்பீஸை விடவில்லை. அவள் அதை எடுத்து மூலையில் வீசினாள். பழுப்புத் தொப்பியைத் தலையில் கவிழ்த்தாள். பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய குவளையை எடுத்தாள். வெள்ளை எனாமல் குவளை, விளிம்பில் நீலக் கோடு. செவ்வாய்க்கிழமை சாவுச் செய்தி வந்த நிமிஷத்திலிருந்து அவள் இந்தக் குவளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ருவா அம்மா, ரெடியா?" என்று வெளியிலிருந்து மகாயா குரல் கொடுத்தார். மாமனாருக்கு வாலிபத்திலிருந்தே சிநேகிதர். இழவு வீட்டில் கேலி பேசுவதும் ஆட்டத்தை நடத்துவதும் அவர் பொறுப்பு. "சீக்கிரம் வா, ஜனமெல்லாம் அழுது அழுது களைச்சுப்போச்சு. கொஞ்சம் சிரிக்கட்டும்."

"வரேன் பெரியவரே. நல்லாவே சிரிக்க வைக்கறேன்."

அவர்கள் வழக்கத்தில், மாமனார் செத்தால் மருமகள் அவர் வேஷம் கட்டத்தான் வேண்டும். அவர் உடுப்பைப் போட்டு, அவர் நடையை நடந்து, அவர் பேச்சைப் பேச வேண்டும். உயிரோடு இருந்தவரைக்கும் முழங்காலிட்டு டீ கொடுத்தவள், அன்றைக்கு ஒருநாள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அந்த ஒருநாள் வந்துவிட்டது. விடுவாளா ஷுவாய்?

அவள் சின்ன டவுனில் பாலர் வகுப்பு டீச்சர். நாலு வயசும் அஞ்சு வயசும் ஆறு வயசுமாக முப்பத்தெட்டு வாண்டுகள். காலையில் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொன்றிடமும் கேட்பாள்: "இன்னைக்கு நெஞ்சுக்குள்ள யாரு உக்காந்திருக்கா?" பிள்ளைகள் தயங்காமல் சொல்லும். கோபம் உக்காந்திருக்கு டீச்சர், அண்ணன் என் ரொட்டியப் பிடுங்கிட்டான். பயம் உக்காந்திருக்கு, அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. சொன்னதும் பக்கத்துப் பிள்ளை கையைப் பிடித்துக்கொள்ளும். அடிக்காமல் கோபப்படுவது எப்படி, பிடுங்காமல் கேட்பது எப்படி என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித்தந்தாள். அதே வட்டத்தில் அவள் மகள் ருவாவும் உட்காருவாள். ஆறு வயசு. அவள் முறை வரும்போது மட்டும், போன ஆகஸ்டிலிருந்து ஒரே பதில்தான்.

"யாருமில்லம்மா."

ஆகஸ்ட் லீவுக்கு எல்லோரும் இந்த வீட்டுக்கு வந்திருந்தார்கள். ருவா தினமும் இலை பறித்துப் போட்ட ஆட்டுக்குட்டியைத் தாத்தா விருந்துக்கு அறுத்தார். பிள்ளை கதறினாள். அவர் ஆணியிலிருந்து குவளையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இதை நிரப்பிட்டு உள்ள வா. அதுவரைக்கும் சாப்பாடு கிடையாது." பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அழுத பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணீரைப் பிடிக்கச் சொல்லி அவர் கொடுத்த அதே குவளை. ஷுவாய் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தபோது, தானியக் குதிருக்குப் பக்கத்தில் உச்சி வெயிலில் பிள்ளை குவளையை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணில் பொட்டு ஈரம் இல்லை.

"மாமா, குழந்தை மாமா..."

"உன் வகுப்புல நீ டீச்சர். இங்க நான் ஹெட்மாஸ்டர்."

கணவன் தவோனா பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அந்தக் குவளையால் வளர்ந்தவன்தான். பிறந்த ஒன்பதே நாளில் மூத்த குழந்தை செத்துப்போனபோது, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவன். ஷுவாயும் அந்த ஆகஸ்ட் நாளில், மருமகள் செய்கிற மாதிரி, மண்ணில் முழங்காலிட்டுத் தலையைக் குனிந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிழவரை மன்னிக்கவில்லை, தன்னையும் மன்னிக்கவில்லை.

இப்போது அவள் முற்றத்துக்கு வந்தாள். மாமரத்தடியில் இரண்டு பெஞ்சுகளின் மேல் சவப்பெட்டி. ஒருபக்கம் பாயில் பெண்கள், மறுபக்கம் முக்காலிகளில் ஆண்கள். ஷுவாய் தொண்டையைச் செருமினாள். இரண்டு செருமல், ஒரு நிறுத்தம், மூன்றாவது செருமல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருடைய குச்சியால் ஷூவைத் தட்டித் தட்டி நடந்தாள். மத்தளம் அடித்தவன் அதற்கே தாளம் போட்டான்.

"ஐயோ, அவரேதான்! பெட்டிக்குள்ள இருக்காரா பாருங்கடி!" என்று ஒருத்தி அலறினாள்.

ஷுவாய் பஸ் டிரைவர் ம்பிரியின் முன்னால் போய் நின்றாள். பழைய மாணவன், இப்போது தொப்பையும் தொந்தியுமாக இருந்தான். குவளையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னடா மூஞ்சி தொங்குது? அழறியா? இதை நிரப்பிட்டு உள்ள வா."

"நிரப்பினேனே சார்!" என்று ம்பிரி எழுந்து நின்றான். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போயி மூத்திரம் பேஞ்சு நிரப்பினேன். நீங்க மோந்து பாக்காம கொட்டிட்டீங்க!"

சிரிப்பு வெடித்தது. மகாயா தரையில் உருண்டார். ஆளாளுக்குக் கையைத் தூக்கினார்கள். நான் எச்சில் துப்பினேன், நான் வெங்காயம் தேய்ச்சேன், நான் சாயங்காலம் வரைக்கும் நின்னேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவர்கூட மறந்திருக்கவில்லை. மாமனாரின் தங்கை எமிலியா அத்தை மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷுவாய் இதற்காக வரவில்லை. அவள் பெட்டியிடம் போனாள். குச்சியால் மூடியை மூன்று தட்டு தட்டினாள். குவளையை அதன்மேல் டக்கென்று வைத்தாள்.

"ஹெட்மாஸ்டர் சார்! ஒரு ஊரையே நிக்க வெச்சீங்களே. இப்ப உங்க முறை. இதை நிரப்புங்க, அப்புறம் குழிக்குப் போகலாம். அதுவரைக்கும் வெயில்லயே கிடங்க."

சிரிப்பு நின்றுபோனது. மத்தளமும் நின்றது.

"ருவா அம்மா, போதும்," என்றாள் எமிலியா அத்தை.

"என்ன போதும்? இன்னைக்கு என் நாள் அத்தை. யாரும் கோபப்படக் கூடாது." அவள் குரல் அவளுடையதாக இல்லை, கரகரவென்று அவருடையதாகவே வந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி நீட்டினாள். "யாராவது அவருக்காக நிரப்பறீங்களா? யாரு? சொல்லுங்க!"

பாயின் ஓரத்திலிருந்து ருவா எழுந்தாள். நேராக நடந்து வந்தாள். தொப்பியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் குவளையை வாங்கிக்கொண்டு தானியக் குதிரை நோக்கி நடந்தாள். அதே இடத்தில், வெயிலில், குவளையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்! ஷுவாய் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். கோட்டைக் கழற்றினாள், ஒரு கை மாட்டிக்கொண்டது, இழுத்ததில் தையல் விட்டது. அவள் ஓடிப்போவதற்குள் தவோனா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டான். மகளுக்குப் பக்கத்தில் போய் அவனும் நின்றான். பேசத் தெரியாது அவனுக்கு. கொஞ்ச நேரம் அப்பனும் மகளும் ஒரே வெயிலில் நின்றார்கள். பிறகு அவன் குவளையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

"அது அம்மாதான்டா," என்றான். "தாத்தா இல்ல. தாத்தா பெட்டியில இருக்கார்."

"தெரியும்," என்றாள் ருவா. "ஆனா அம்மாவும் சொன்னாளே."

ஷுவாய் மகளுக்கு முன்னால் மண்ணில் முழங்காலிட்டாள். "தப்பு பண்ணிட்டேன்டி. அவர்மேல இருந்த கோபத்துல உன்னை மறந்துட்டேன்." ஷுவாய் அவளைத் தூக்கிக்கொள்ளப் பார்த்தாள், பிள்ளை உடம்பு விறைப்பாக இருந்தது.

பெட்டியைத் தூக்க ஆட்கள் எழுந்தார்கள். எமிலியா அத்தை அண்ணனின் டீக் கோப்பையையும் தட்டையும், ஒரு ஆணியையும் சுத்தியையும் கொண்டுவந்து தவோனாவிடம் நீட்டினாள். செத்தவர் புழங்கிய பாத்திரம் குழிமேட்டில் இருக்க வேண்டும், வைக்கும் முன் அடியில் ஓர் ஓட்டை போட வேண்டும். மூத்த மகன் செய்கிற வேலை.

தவோனா தட்டில் ஓட்டை போட்டான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான்.

"இது வேண்டாம் அத்தை."

"டேய், உங்கப்பன் டீ குடிச்ச கோப்பைடா அது."

"அவரு ரொம்பப் புழங்கினது இது," என்று அவன் எனாமல் குவளையைக் கல்லின்மேல் கவிழ்த்தான்.

"அது வேண்டாம்டா. ஊரு சிரிக்கும்."

"இவ்வளவு நேரம் சிரிச்சுதே."

ஆணியை வைத்து ஓங்கி அடித்தான். எனாமல் பெயர்ந்து தெறித்தது. ஒன்று போதும். அதன் பக்கத்திலேயே அவன் இன்னொன்று போட்டான். இன்னொன்று. பற்களைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்க்க, அடித்துக்கொண்டே இருந்தான். ஷுவாய் தடுக்கவில்லை. பத்து வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள், அவன் கோபத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள். அடி அடி என்று அவள் மனசு சொன்னது. எமிலியா அத்தை எதுவோ சொல்ல வாயெடுத்தாள். மகாயா அவள் தோளில் கை வைத்தார்.

"நான் அடிக்கட்டுமா?" என்றாள் ருவா.

தவோனா நிமிர்ந்தான். சுத்தியை அவளிடம் கொடுத்து, ஆணியைத் தன் விரல்களில் பிடித்துக்கொண்டான். முதல் அடி அவன் கட்டைவிரலில் விழுந்தது. "ஆ! வலிக்குதுடி!" என்று சத்தம் போட்டு உதறினான். இந்த மனுஷன் வாயிலிருந்து வலிக்கிறது என்று வந்து யாரும் கேட்டதில்லை. ருவா அவன் விரலை ஊதிவிட்டாள். பிறகு மறுபடி அடித்தாள்.

குழி மூடி, கல் அடுக்கி, பாட்டு முடிந்து ஜனம் சாப்பிடக் கிளம்பியபோது, தவோனா தலைமாட்டில் தட்டையும் குவளையையும் வைத்தான். ஷுவாய் கொஞ்சம் தள்ளி நின்றாள். கிட்டே போகலாமா என்று தெரியவில்லை.

ருவாதான் வந்து அவள் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கேட்டாள். குழிமேட்டருகே குந்தி உட்கார்ந்து குவளைக்குள் ஊற்றினாள். அடியில் எல்லா ஓட்டை வழியாகவும் தண்ணீர் ஒழுகி மண்ணுக்குள் போனது. எட்டிப் பார்த்தாள். மறுபடி ஊற்றினாள்.

"நிரம்பவே மாட்டேங்குதும்மா," என்றாள்.

"ஆமா."

"இன்னொரு பாட்டில் இருக்கா?"

தவோனா தண்ணீர் கொண்டுவரப் போனான்.