வாசிக்காமல் போட்ட கையெழுத்து

ஒரு கன்னம் மழித்து முடிந்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை அப்பியிருந்தது, கையில் ஒரு துண்டு, அந்தக் கோலத்தில் தங்கமாரி தன் வீட்டு வாசலில் நின்றான், நிற்கிறான், இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பற்றியிருக்கிறார்கள், பனியனோட கூட்டிட்டுப் போகாதீங்கய்யா, ஒரு சட்டையாவது மாட்டிக்கிடட்டும் என்று அவன் மனைவி பேச்சித்தாய் கெஞ்சுகிறாள், எதிர்வீட்டிலிருந்து நான் செய்தித்தாளை மடித்தபடி தெருவில் இறங்குகிறேன், காலை ஏழரை மணி வெயில், என்னைக் கண்டதும் உதவி ஆய்வாளர் தொப்பியைக் கழற்றுகிறார், சார்வாள், என்னத் தெரியுதா, செல்வின், எட்டாப்பு பி பிரிவு, நீங்க சொன்ன ஆமைக் கதை இன்னும் ஞாபகம் இருக்கு என்கிறார், ஓய்வுபெற்றுப் பதினோரு ஆண்டுகளாக யாரும் கேட்காத கதை அது, எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது, கைதுக்குத் தெருவில் மதிப்புள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டுமாம், சும்மா ஒரு முறைக்குத்தான், இங்க போடுங்க சார்வாள், முப்பத்தாறு ஆண்டுகள் பதிவேடுகளிலும் சான்றிதழ்களிலும் எழுத்தர் விரல் வைத்த இடத்தில் போட்டுப் பழகிய கை, வாசிக்காமல் போட்டது.

அன்று மாலைக்குள் தெரு இரண்டாகிவிட்டது, முந்தின நாள் குடிநீர் கேட்டு நடந்த மறியலில் கல் பட்டு வட்டாட்சியரின் ஜீப் கண்ணாடி உடைந்திருந்தது, உடைச்சவன வீட்டுல பிடிக்காம கல்யாண மண்டபத்துலயா பிடிப்பாக என்றார் மளிகைக் கடை உலகநாதன், தபால்காரர் ஜெபமணி விடவில்லை, ஏன்வே, கூப்பிட்டா ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போறவன, முகம் வழிக்கையில, புள்ளைக முன்னால இழுத்துட்டுப் போவாகளா, அவன் எறிஞ்சத நீரு பாத்தீரா, அவன் எறியாதத நீரு பாத்தீரோ என்று திருப்பினார் உலகநாதன், சார்வாள் சொல்லட்டும் என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள், இரு பக்கமும் நியாயம் உண்டு என்றேன், அந்தப் பதிலின் நயத்தை நானே வியந்துகொண்டு வீடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் பேச்சித்தாய் வக்கீலிடமிருந்து கைதுக் குறிப்பின் நகலைக் கொண்டுவந்தாள், பேருந்து நிலையத்தில், காலை பதினொரு மணிக்கு, கையில் பெட்ரோல் பாட்டிலுடன் கைது செய்யப்பட்டார் என்றிருந்தது, அதன் கீழே குண்டு குண்டாய், அழகாய், என் பெயர், வீட்டில் பிடித்தது சரியா தவறா என்று நாங்கள் மூன்று நாள் வாதாடியிருக்கிறோம், காகிதத்தில் வீடே இல்லை, இந்தப் பாட்டில் நெசம்னு ஆயிட்டா அஞ்சாறு வருசம் உள்ள போயிருவாகளாம், நீங்க பாத்துக்கிட்டுத்தான சார்வாள் நின்னீக என்றாள், அழவில்லை, அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அதன்பின் உறக்கத்தில் வகுப்பறைதான் வந்தது, எறும்புப் புற்றை யானை மிதித்தது, வழக்கு வந்தது, தலையை ஓட்டுக்குள் இழுத்திருந்தேன், எதையும் காணவில்லை என்று சாட்சி சொன்னது ஆமை, அதனால்தான் அதற்கு நீண்ட ஆயுள் என்று சொல்லிச் சிரிக்கவைப்பேன், கனவில் எவரும் சிரிப்பதில்லை, எறும்புக என்னாச்சு சார் என்று கடைசி வரிசையிலிருந்து கேட்கிறார்கள், அந்தக் கதையில் எறும்புகளுக்கு நான் எதுவுமே வைத்திருக்கவில்லை.

ஏழு மாதம் கழித்துக் காவல் துறையின் சாட்சியாக என்னை அழைத்தார்கள், ஆமான்னு ஒத்த வார்த்த சொல்லிட்டு வந்துருங்க சார்வாள் என்றார் செல்வின் நீதிமன்ற வராந்தாவில், கூண்டில் ஏறினேன், அரசு வக்கீல் கேட்டார், இது உங்கள் கையெழுத்தா, ஆம், எங்கே வைத்துக் கைது செய்தார்கள், அவர் வீட்டு வாசலில், ஏழரை மணிக்கு, முகத்தில் சவர நுரையோடு, பேருந்து நிலையத்தில் எவரும் நுரையோடு நிற்பதில்லை ஐயா, கையில் பாட்டில் இருந்ததா, இல்லை, துண்டுதான் இருந்தது, அப்படியானால் பொய்க்கா கையெழுத்திட்டீர்கள், வாசிக்காமல் இட்டேன், ஆசிரியராக இருந்தவர், வாசிக்காமலா, எங்கோ பின்னால் யாரோ சிரித்தார்கள், செல்வின் தலை நிமிரவில்லை, தங்கமாரி என்னைப் பார்க்கவே இல்லை, தட்டச்சு செய்த என் சாட்சியத்தை எழுத்தர் நீட்டினார், இங்க போடுங்க சார் என்று கீழே விரல் வைத்தார், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினேன், வீட்டு வாசலில் என்ற இடம் வந்ததும் வெயிலும் நுரையும் ஈரத்தோடு எழுந்து நின்றன, மறுபடி அதே காலை, செல்வின் தாளை நீட்டுகிறார், கொடுப்பா, வாசிச்சிட்டுப் போடுறேன் என்கிறேன், நேரமாகுது சார் என்றார் எழுத்தர், இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்றேன்.