ஒன்பதாம் அத்தியாயத்து முதலை

'செம்புப் பரிசல்' கதையில் பரிசல்காரன் நீலனை முதலை விழுங்கவில்லை. அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் எங்கும் கிடையாது. ஒன்பதாம் அத்தியாயத்தில் முதலையை வரவழைத்து அவனை விழுங்க வைத்தவன் கிருஷ்ணப்பன்.

கிருஷ்ணப்பன் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடலைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எட்டாவது வரை படித்தவன். எதையும் வரிசை தப்பாமல் செய்கிறவன். கதைப் புத்தகம் படிப்பதிலும் அப்படித்தான். யுத்தம் வந்து மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால், வாசிப்பை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் பின்னால் புளியமரத்து நிழலில் அவன் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். எழுத்துத் தெரியாத அவன் மனைவி சாலம்மாள் விதைக்கடலை உரித்துக்கொண்டே கேட்பாள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளும் முறத்தோடு வந்துவிடுவாள். அவள் கிருஷ்ணப்பனுக்கு அத்தை முறை.

கதை இதுதான். மந்திரவாதியின் சாபத்தால் ராஜா சிம்மாசனத்திலேயே கல்லாகிவிடுகிறான். சாபத்தைத் தீர்க்கும் மணி ஏழு சுழிகளுக்கு அப்பால் இருக்கிறது. அதைத் தேடி ராணி மரகதம் செம்பாலான ஒரு பரிசலில் போகிறாள். பரிசலைத் தள்ளுகிறவன் நீலன்.

எட்டாம் அத்தியாயத்தில் ராணி சொல்கிறாள்: "நான் இந்த நாட்டு ராணி, பத்திரமாகக் கொண்டுபோ." அதற்கு நீலன், "பரிசலுக்கு ராணியும் ஒண்ணுதான், ராகி மூட்டையும் ஒண்ணுதான் தாயே. மூட்டையாயிருந்தால் கொஞ்சம் ஆடாமல் உட்கார்ந்திருக்கும்" என்கிறான்.

இதைக் கேட்டுச் சாலம்மாள் சிரித்தாள். கையிலிருந்த கடலை சிதற, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "எங்க ஊரு ஆளுங்க பேசற மாதிரியே பேசறான்" என்றாள். அவள் பிறந்த ஊர் ஒகேனக்கல் பக்கம். பரிசல்காரர்களுக்கு நடுவில் வளர்ந்தவள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிருஷ்ணப்பன் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்த வாரம் முழுக்க, சோறு போடும்போதும் தண்ணீர் சேந்தும்போதும் அவள் தனக்குத்தானே முறுவலித்துக்கொள்வதை அவன் பார்த்தான். "என்ன?" என்று கேட்டால், "ராகி மூட்டைங்க" என்பாள். பரிசல் தள்ளுகிறவன் தோள் எப்படி இருக்கும் என்று மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்து யோசித்தான். பிறகு தன் தோளைப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலை வந்தது.

கோவிந்தம்மாள் மூக்கைச் சிந்தி அழுதாள். சாலம்மாள் அழவில்லை. கடலை உரித்த கை மட்டும் நின்றது.

"அப்ப பரிசலை இனி யாருங்க தள்ளறது?"

கிருஷ்ணப்பன் அதை யோசித்திருக்கவில்லை. இன்னும் மூன்று சுழிகள் பாக்கி இருந்தன. "மந்திரத்தால் தானாகவே போயிற்று" என்று படித்தான். அன்று முதல், நீலன் வருகிற வரியை எல்லாம் தாண்டித் தாண்டிப் படித்து, கல்லாயிருந்த ராஜாவை எழுப்பிக் கதையை முடித்துவிட்டான். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அறுப்பு முடிந்ததும் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வெறும் வயலில் டூரிங் டாக்கிக்காரர்கள் கூடாரம் அடித்தார்கள். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கு அடித்துக்கொண்டு வந்தார்கள். படத்தின் பெயர் 'செம்புப் பரிசல்'.

கிருஷ்ணப்பன் தன்னால் ஆனதெல்லாம் சொன்னான். கொட்டகை மணலில் பூச்சி கடிக்கும் என்றான். கூட்டத்தில் அம்மை பரவும் என்றான். கோவிந்தம்மாள், "நீலன் சாவறதை ஒருக்கா கண்ணால பாத்துட்டு வந்துடலாம் வா" என்று சாலம்மாளைக் கிளப்பிவிட்டாள்.

மூன்று பேரும் போனார்கள். திரையில் நீலன் வந்தான். தலையில் துண்டு, சுருள் முடி, பெரிய மார்பு. ஒரு பாட்டு முடிவதற்குள் இன்னொரு பாட்டு பாடினான். ஐந்தாவது சுழி வந்தது, முதலை வரவில்லை. ஆறாவது சுழியும் வந்தது.

கோவிந்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "ஏம்பா, முதலை எங்கப்பா?"

"உக்காரும்மா, மறைக்குது" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

கிருஷ்ணப்பன் திரையைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பிச் சாலம்மாளைப் பார்த்தான். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து விழுந்து மறைந்தது. அவள் கண்ணை எடுக்காமல் நீலனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் பஞ்சாயத்துப்போல் ஆகிவிட்டது. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கும் சென்னப்பனும் வந்திருந்தான். அவன் இந்தப் படத்தைச் சேலத்திலேயே பார்த்தவன். அந்தப் பெருமை அவன் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

"கதையையே கெடுத்துட்டானுங்க" என்றாள் கோவிந்தம்மாள். "செத்தவனை எழுப்பிப் பாட வெச்சிருக்கானுங்க. முதலை வவுத்துக்குள்ள போனவன் எந்த வழியா வெளிய வந்தான்னு சொல்ல வேணாமா?"

"டாக்கியில அவன் உள்ளயே போவலையே அத்தே" என்றான் சென்னப்பன்.

"அதான்டா கேக்கறேன். புத்தகத்துல போனான் இல்ல?"

"புத்தகத்தைப் படிச்சுட்டுத்தானே டாக்கி எடுத்திருப்பாங்க? இவ்வளவு செலவு பண்றவன் முதலையை மறந்துடுவானா?" சென்னப்பன் திரும்பினான். "படிச்சவரு நீங்க சொல்லுங்கண்ணா."

கிருஷ்ணப்பன் தொண்டையைச் சரி செய்துகொண்டான். "டாக்கியில் மாற்றித்தான் இருக்கிறார்கள்" என்று புத்தக நடையிலேயே ஆரம்பித்து, பிறகு இறங்கி வந்தான். "மொதல்ல ஒண்ணு. அந்த நடிகனுக்குச் சம்பளம் ஜாஸ்தி. பாதியில கொன்னா சும்மா உக்கார வெச்சுச் சம்பளம் குடுக்கணும். ரெண்டாவது, முதலைக்கு எங்க போவாங்க? அதைக் கட்டி இழுத்துட்டு வர முடியுமா? மூணாவது, பாட்டு. செத்தவன் பாட மாட்டான்."

"பாத்தியா" என்றாள் கோவிந்தம்மாள், தானே ஜெயித்ததுபோல்.

சாலம்மாள் தலை நிமிராமல் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணு வெளங்கல" என்றாள். "பரிசல் மந்திரத்துல தானா போறதா இருந்தா, மொத எட்டு அத்தியாயமும் அவன் எதுக்குக் கை நோவத் தள்ளுனான்?"

கிருஷ்ணப்பன் கீழே கிடந்த கடலைத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தான்.

கோவிந்தம்மாள்தான் முதலில் சுதாரித்தாள். "அவன் செத்தப்பறம் அவன் ஆவி பரிசலுக்குள்ள பூந்துக்கிச்சுடி. அதான் தானா போச்சு."

"ஆமா, அது சரியா வருது" என்றான் கிருஷ்ணப்பன் அவசரமாக.

"ஆவியா இருந்தா பேசியிருக்குமே அத்தே" என்றாள் சாலம்மாள். "அவன் வாயை மூடிட்டு மூணு சுழி தாண்டற ஆளா?"

நீலன் எப்படிப்பட்டவன் என்று இவளுக்கு இத்தனை தெரிந்திருக்கிறது. கிருஷ்ணப்பன் அவளையே பார்த்தான். தனக்கு என்ன பிடிக்கும், தான் எப்போது வாய் மூடி இருப்பான் என்று யாராவது கேட்டால் இவள் இவ்வளவு உறுதியாகச் சொல்வாளா?

"எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றான் சென்னப்பன். "புத்தகத்தைக் கொண்டாங்கண்ணா. எனக்கும் ரெண்டெழுத்துத் தெரியும். முதலை இருக்கா இல்லையா, பாத்துடலாம்."

புத்தகம் உள்ளே ராகிப் பானைக்கு மேல் பலகையில் இருந்தது. கிருஷ்ணப்பனுக்குக் காது சூடாகிவிட்டது. இனிமேல் இந்த மரத்தடியில் யாரும் உட்கார மாட்டார்கள். அது போகட்டும். ஒரு காகிதத்து ஆளைப் பொறாமையில் கொன்றான் என்று மண்டிவரைக்கும் பேசுவார்கள். சாலம்மாள் இனி அவன் படிக்கிற எதையும் நம்ப மாட்டாள்.

"புத்தகம் இங்க இல்லையே" என்றாள் சாலம்மாள். "எங்கம்மா வூட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன்."

முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

எல்லோரும் கலைந்த பிறகு கிருஷ்ணப்பன் உள்ளே போனான். அவள் பலகையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஒம்பதாவது" என்றாள். "முதலை இல்லாம."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மந்திரம்னு சொன்னீங்களே, அப்பவே. நீங்க கணக்குல ஒரு அணா தப்பா எழுதுனாலே காது செவந்துடும்."

அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. "அவனை உனக்கு அவ்வளவு புடிச்சிருந்துச்சு. அதான்."

"டாக்கியில அந்த ராகி மூட்டை வந்துச்சு பாத்தீங்களா?" என்றாள் அவள். "எனக்குச் சிரிப்பே வரல."

இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்று அவனுக்குப் புரியவில்லை. டாக்கி நடிகன் சரியாகச் சொல்லவில்லை என்கிறாளா? அல்லது இரண்டாம் தடவை கேட்டால் சிரிப்பு வராதுதானே? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவன், கேட்காமல் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தான்.

ஐந்தாவது சுழிவரை வந்திருப்பான். மறந்துவிட்ட முறத்தை எடுக்கக் கோவிந்தம்மாள் கொல்லைப் பக்கமாக வந்தவள், சத்தம் கேட்டு வாசற்படியில் நின்றாள். கிருஷ்ணப்பன் புத்தகத்தைச் சட்டென்று துண்டுக்கடியில் தள்ளினான்.

"புத்தகம் உங்கம்மா வூட்லன்ன. என்னாத்தைப் படிக்கறான்?"

"மனப்பாடமா சொல்றாரு அத்தே" என்றாள் சாலம்மாள்.

"அப்ப நானும் கேக்கறேன். முதலை வர்ற எடந்தானே இது?" கோவிந்தம்மாள் முறத்தைக் கவிழ்த்து வைத்து, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கிருஷ்ணப்பன் மனைவியைப் பார்த்தான். அவள் கடலையும் உரிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு, என்ன செய்யப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுழிக்கு நடுவிலிருந்து முதலை எழுந்தது" என்று ஆரம்பித்தான்.

"அதான். வருது பாரு" என்றாள் கோவிந்தம்மாள்.

"வாயைத் திறந்துகொண்டு பரிசலுக்குப் பக்கத்தில் வந்தது. நீலனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. மோந்தும் பார்த்தது." கிருஷ்ணப்பன் கொஞ்சம் நிறுத்தினான். "இவனைத் தின்றால் இவன் வாய் என் வயிற்றுக்குள்ளும் பேசிக்கொண்டே இருக்குமே, எனக்குத் தூக்கம் போய்விடும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது."

கோவிந்தம்மாள் வாயைத் திறந்தபடி இருந்தாள். "போன தடவை வேற மாதிரி சொன்னியேப்பா?"

சாலம்மாள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். பாதியிலேயே சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

அந்த வரி புத்தகத்தில் இல்லை. நீலன் சொன்னதும் இல்லை. கிருஷ்ணப்பன் அதை இரண்டு தடவை மனசுக்குள் சரி பார்த்துக்கொண்டான். பிறகு நீலன் கையில் துடுப்பைத் திரும்பக் கொடுத்தான்.